மூன்று நாள் வெளுப்பு

அத்தியாயம் 6

நாலு மணிக்குக் கூட்டம். இப்போது மணி பதினொன்று இருபது. பதினோரு பெண்கள் இன்று சாயங்காலமே மூட்டை கட்ட வேண்டுமா, வேண்டாமா என்பது அந்தக் கூட்டத்தில் முடிவாகிவிடும்.

லாண்டரியின் இஸ்திரிக் கூடத்துக்குள் நுழைந்ததுமே தராசின் மூக்குக்கண்ணாடி ஆவியில் வெளுத்துப்போனது. கழற்றித் துடைத்து மாட்டினார். மறுபடியும் வெளுத்தது.

"விட்டுடுங்க சார்," என்றாள் கண்டக்டர். "கண்ணாடி போட்டும் இந்தக் கேஸ்ல ஒண்ணும் தெரியல. கழட்டினா மட்டும் என்ன குறைஞ்சிடப் போகுது?"

தராசு என்பது கடைக்காரர்கள் வைத்த பெயர். எடைக்கற்களுக்கு முத்திரை போடும் இன்ஸ்பெக்டராக இருபது வருடம் இருந்தவர். வேலையை விட்டுத் துப்பறிய வந்த பிறகும் பெயர் அவரை விடவில்லை. கண்டக்டர் நிஜமாகவே பஸ் கண்டக்டராக இருந்தவள். ஐம்பத்திரண்டு வயது. நெரிசலில் டிக்கெட் எடுக்காமல் நிற்பவனை முதுகைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவாள். வாய் மட்டும் இன்னும் கடைசி ஸ்டாப்பில் இறங்கவில்லை.

கேஸ் சின்னதுதான். போன மாதம் இந்த லாண்டரியின் உள்ளூர்ப் பெண்கள் பதினாறு பேரும் கூலி உயர்வு கேட்டு மூன்று நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பெரிய ஆஸ்பத்திரிக்குப் படுக்கை விரிப்பு இங்கிருந்துதான் போகிறது. ஒரு நாள் போகாவிட்டால் ஆஸ்பத்திரிக்காரர்களே ஓடிவந்து முதலாளியின் சட்டையைப் பிடிப்பார்கள் என்று நம்பினார்கள். யாரும் ஓடிவரவில்லை. மூன்று நாளும் வெளுத்து, தேய்த்து, மடித்த விரிப்புகள் வேளை தவறாமல் போய்ச் சேர்ந்தன. நாலாம் நாள் பதினாறு பேரும் கேட்டது எதுவும் கிடைக்காமல் குனிந்த தலையோடு உள்ளே வந்தார்கள்.

வெளுத்தது யார்? லாண்டரியில் யாருக்கும் சந்தேகமே இல்லை. நாலு மாதம் முன்பு ஒரு ஏஜென்ட் தூர தேசத்திலிருந்து கூட்டிவந்து இறக்கிய பதினோரு பெண்கள்தான். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் ஒரு பழைய கிடங்கில் தங்கியிருப்பதால் அவர்களுக்கு அக்கரைக்காரிகள் என்று பெயர். வேலைநிறுத்தத்தின் இரண்டாம் நாள் விடியற்காலையில் அவர்கள் பாய்லர் பக்கத்துச் சின்ன கேட் வழியாக நுழைந்ததைப் பார்த்ததாக ஒருத்தி சத்தியமே செய்திருந்தாள்.

சத்தியம் செய்தவள் சின்னவள். தராசை அமர்த்தியவள் அவளுடைய கூடப்பிறந்த பெரியக்கா. சங்கத்தின் தலைவி.

பெரியக்காவுக்கு நாற்பத்தெட்டு வயது இருக்கும். வெந்நீரில் ஊறி ஊறி விரல் நுனிகள் வெளுத்த கைகள். ஒரு ரோலரின் இடது பக்கம் அவளும் வலது பக்கம் தங்கையும் நின்று, ஈர விரிப்பை ஆளுக்கொரு மூலையாகப் பிடித்துச் சூடான உருளைக்குள் ஊட்டிக்கொண்டிருந்தார்கள். பேசும்போதும் கை நிற்கவில்லை.

அக்கரைக்காரிகள் வந்தபிறகு முதலாளியின் பேச்சில் ஒரு புது வார்த்தை சேர்ந்துவிட்டது என்றாள். 'இல்லேன்னா.' முன்பெல்லாம் வேலை செய்யுங்கள் என்பார். இப்போது, வேலை செய்யுங்கள், இல்லேன்னா என்கிறார். வாக்கியத்தை முடிப்பதே இல்லை. வாய்க்கால் பக்கம் பார்ப்பதோடு சரி. ஓவர்டைம் போனது. பண்டிகை லீவு போனது. கிடங்கை வாடகைக்கு விட்ட ஆளுக்கு மட்டும் வீட்டுக்கு மாடி வந்தது.

"கோபம் இருக்கு சார். இல்லேன்னு சொல்ல மாட்டேன்," என்றாள் பெரியக்கா. "ஆனா பதினோரு பேரையும் துரத்த எனக்கு மனசு வரல. நாங்க கேட்ல உக்காந்திருக்கிறப்ப எவ உள்ள நின்னாளோ அவ பேரு மட்டும் போதும். அத நான் கூட்டத்துல சொல்லிடுவேன். மத்தவங்க பொழைக்கட்டும்."

"நீ இப்படியே நியாயம் பேசு," என்றாள் சின்னவள், விரிப்பிலிருந்து கண்ணை எடுக்காமல். "அவங்க நம்ம ரோலரையே தூக்கிட்டுப் போயிடுவாங்க."

கூட்டத்துக்கான கடிதம் மேஜைமேல் தயாராக இருந்தது. கீழ்க்கண்ட பதினோரு பேரையும் வேலையிலிருந்து நீக்க வேண்டும் என்று சங்கம் முதலாளிக்கு எழுதும் டைப் அடித்த கடிதம். தலைவி கையெழுத்துப் போட்டால் இன்றைக்கே அனுப்பிவிடுவதாக முதலாளி வாக்குக் கொடுத்திருக்கிறாராம். டைப் அடித்து வாங்கி வந்ததும் சின்னவள்தான். தராசு படித்தார். பதினோரு பெயர்கள், ஒவ்வொன்றுக்கும் எதிரே தகப்பன் பெயர், பிறந்த தேதி. ஓர் எழுத்துக்கூட அடித்துத் திருத்தப்படவில்லை.

அடுத்த ரோலரில் நின்ற அக்கரைக்காரி ஒருத்தியை அவர் கண்ணால் காட்டி, அந்தப் பெண் பெயர் என்ன என்று சின்னவளை விசாரித்தார்.

"அவளா? நெட்டைன்னு கூப்பிடுவோம்."

"நிஜப் பேரு?"

"யாருக்குத் தெரியும். கூப்பிட்டா திரும்பறா, அது போதாதா?"

தராசு தலையாட்டிவிட்டு, கடிதத்தை நாலாக மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டார். கண்டக்டர் அவரை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு இருவரும் பெரியக்காவின் இடது கையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

ஒவ்வொரு விரிப்பையும் உருளைக்குள் விடுவதற்கு முன்னால் அவள் இடது மூலையைக் கட்டைவிரல் அளவுக்கு அடிப்பக்கமாகத் திருப்பிவிட்டாள். கண் இமைப்பதுபோல அது தானாக நடந்தது. அக்கரைக்காரி யாரும் அப்படிச் செய்யவில்லை.

அது எதற்கு என்று கேட்டதும் பெரியக்கா தன் கையைத் தானே இப்போதுதான் பார்ப்பவள்போலப் பார்த்துச் சிரித்தாள். பழைய ரோலரில் இடது ஓரத் தகடு வளைந்துபோய், மூலையைக் கடித்துக் கிழிக்குமாம். அதற்காக இடது பக்கம் நிற்பவர்கள் மூலையைத் திருப்பி விடுவார்கள். அந்த மெஷினை எடைக்குப் போட்டு ஆறு வருடம் ஆகிறது.

"மெஷின் போயிடுச்சு. கைக்கு இன்னும் சேதி போகல," என்றாள். "எங்க ஆளுங்க எல்லாரும் இப்படித்தான். மத்தவங்க மேல் பக்கமா திருப்புவாங்க. அப்படிப் பண்ணா நோயாளி முகத்துக்கு நேரா ஒரு தழும்பு விழும். எனக்குப் பிடிக்காது. அதனால நான் அடியில திருப்புவேன். சின்னவளுக்கும் அப்படித்தான் கத்துக்கொடுத்தேன். எங்க ரெண்டு பேருக்கு மட்டும்தான் அது வரும்."

அதைச் சொன்னபோது அவள் குரலில் இருந்த பெருமையைக் கேட்டிருந்தால், எதிரே நின்றவள் நிமிர்ந்து பார்த்திருக்க வேண்டும். சின்னவள் நிமிரவில்லை.

வெளியே வந்ததும் கண்டக்டர் கேட்டாள். "சார், ஒரு மாசம் முன்னாடி தேய்ச்ச விரிப்பு இப்ப எங்க இருக்கும்?"

"பத்து தடவை அழுக்காகிப் பத்து தடவை வெளுத்திருக்கும். ஒழுங்கான ஆஸ்பத்திரியா இருந்தா."

"அப்ப நமக்கு ஒழுங்கில்லாத ஆஸ்பத்திரி வேணும்."

"ஆஸ்பத்திரி ஒழுங்கா இருந்தாலும் பரவாயில்ல. ஸ்டோர் கீப்பர் சோம்பேறியா இருந்தா போதும்."

கடவுள் இருந்தார். ஸ்டோர் கீப்பர் சோம்பேறியாக இருந்தார்.

ஆஸ்பத்திரியின் பின்கட்டில் ஜன்னல் இல்லாத ஒரு அறை. தரையிலிருந்து கூரைவரை இரும்பு அலமாரிகள். ஸ்டோர் கீப்பர் நாற்காலியிலிருந்து எழாமலே விஷயத்தைக் கேட்டுக்கொண்டார். முதலில் வந்த கட்டை முதலில் எடுக்க வேண்டும் என்பதுதான் விதி என்று சுவரில் ஒட்டியிருந்த காகிதத்தைக் காட்டினார். காகிதம் புத்தம் புதிதாக இருந்தது, யாரும் தொடாததால். நிஜத்தில் புதுக் கட்டுகளைப் பழையவற்றின் தலையில் ஏற்றி, மேலே இருப்பதையே எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"புரியுது," என்றாள் கண்டக்டர். "கடைசியா ஏறினவன் முதல்ல இறங்கற பஸ்ஸு. முன் சீட்டுல உக்காந்தவன் சாகிற வரைக்கும் வீடு போய்ச் சேர மாட்டான்."

ஏணி போட்டு மேல்கட்டுகளை இறக்கிவைக்க அரைமணி நேரம் பிடித்தது. அடித்தட்டில், வேறு கட்டுகளின் பாரத்தில் அழுந்தி, அப்பளம்போலத் தட்டையாக மூன்று கட்டுகள் கிடந்தன. வந்த தேதி எழுதிய சீட்டு ஒவ்வொன்றிலும் செருகியிருந்தது. வேலைநிறுத்தத்தின் முதல் நாள் ஒன்று. மூன்றாம் நாள் இரண்டு.

தராசு முதல் கட்டைப் பிரித்தார். ஆஸ்பத்திரியின் நீல முத்திரை இருப்பதுதான் விரிப்பின் மேல்பக்கம். இடது மூலையை வெளிச்சத்தில் பிடித்தார். அங்கே, கட்டைவிரல் அளவில், ஒரு சின்ன முக்கோணத் தழும்பு.

இரண்டாவது விரிப்பிலும் இருந்தது. மூன்றாவதிலும்.

கண்டக்டர் அடுத்த கட்டைப் பிரித்தாள். பிறகு அடுத்தது. மூன்று கட்டிலும் முக்கோணம் இல்லாத விரிப்பு ஒன்றுகூட இல்லை. பழைய ரோலரைக் கண்ணால் கண்டிராத அக்கரைக்காரிகள், இல்லாத பல்லுக்குப் பயந்து மூலையைத் திருப்பியிருக்க முடியாது.

"உள்ளூர்க் கை," என்றாள் மெதுவாக. இந்த முறை ஜோக் எதுவும் சேர்க்கவில்லை.

தராசு விரிப்புகளை இரண்டு குவியலாகப் பிரித்துக்கொண்டிருந்தார். மேல்பக்கமாகத் திருப்பியவை ஒரு குவியல். அடிப்பக்கமாகத் திருப்பியவை இன்னொன்று. இரண்டாவது குவியல் சிறியது. பதினெட்டு விரிப்பு. ஆனால் அது இருந்தது.

அடியில் திருப்பத் தெரிந்தவர்கள் இந்த உலகத்தில் இரண்டே பேர். அவர்களில் ஒருத்தி அந்த மூன்று நாளும் காலை முதல் மாலை வரை ஊர் பார்க்க முன் கேட்டில் உட்கார்ந்திருந்தாள்.

"இத எப்படி சார் அந்தம்மாகிட்ட சொல்றது?"

தராசு பெரிய குவியலையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்கரைக்குப் போகலாம் என்று மட்டும் சொன்னார்.

வாய்க்காலைத் தாண்டினால் கிடங்கு. உள்ளே பதினோரு இரும்புக் கட்டில்கள், பதினோரு தகரப் பெட்டிகள். கட்டில்களுக்கு நடுவே கயிறு கட்டித் துணி தொங்கவிட்டிருந்தார்கள். மூன்று பெட்டிகள் ஏற்கெனவே கட்டிவைக்கப்பட்டிருந்தன. மத்தியான ஷிப்டுக்குப் போகாமல் காத்திருந்தவள் ஒருத்திதான். எல்லாருக்கும் மூத்தவள். வயது நாற்பதைத் தொட்டிருக்கும். நம் பேச்சு அவளுக்கு நாலு மாதப் பழக்கம். வார்த்தைகளை ஒவ்வொன்றாக எடுத்து, உடையுமோ என்று பார்த்துப் பார்த்து வைத்தாள்.

அந்த மூன்று நாளும் எங்கே இருந்தீர்கள் என்று தராசு கேட்டார்.

"இங்கே. உடம்பு சரியில்லை."

"யாருக்கு?"

"பதினோரு பேருக்கும்."

"ஒரே நேரத்துல பதினோரு பேருக்கா?" என்றாள் கண்டக்டர். "நல்ல ஒத்துமையான வியாதி."

மூத்தவள் சிரிக்கவில்லை. தராசு பையிலிருந்து ஒரு விரிப்பை எடுத்து மூலையைக் காட்டினார். அவள் அந்த முக்கோணத்தைப் பார்த்தாள். விரலால் தடவினாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. அது அவளுக்குப் புதிய செய்தியும் அல்ல.

பிறகுதான் சொன்னாள். வேலைநிறுத்தத்துக்கு முந்தின நாள் ஏஜென்ட் வந்து, பாய்லர் பக்கத்து கேட் திறந்திருக்கும், விடியற்காலையில் வந்துவிடுங்கள் என்றானாம். அவர்கள் போகவில்லை. போகமாட்டோம் என்று சொன்னால் அன்றைக்கே ஊருக்கு அனுப்பிவிடுவான். அதனால் வயிற்றுவலி என்று படுத்துக்கொண்டார்கள். மூன்று நாள் ஒருத்தரும் கட்டிலை விட்டு இறங்கவில்லை.

"ஏன் போகல?" என்றார் தராசு.

"எங்க ஊரில் சுரங்கம். என் அப்பா வாசலில் உட்கார்ந்தார். நாற்பது நாள். அப்புறம் வேற ஊர்க்காரங்க வந்தாங்க. உள்ளே போனாங்க. அப்பாவுக்கு வேலை போச்சு. அதனால்தான் நான் இங்கே வந்தேன்."

கிடங்கில் எங்கோ ஒரு குழாய் சொட்டியது.

இதை ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று கண்டக்டர் கேட்டதற்கு மூத்தவள் அவளை ஆச்சரியமாகப் பார்த்தாள். கேட்டால்தானே சொல்வதற்கு? நாலு மாதமாக யாரும் பெயரைக்கூடக் கேட்டதில்லை. தவிர, வேண்டுமென்றே போகவில்லை என்று முதலாளிக்குத் தெரிந்தால் எல்லாரும் போக வேண்டியதுதான். அந்த அம்மாவிடம் மட்டும் சொல்லுங்கள், மற்றவர்களிடம் வேண்டாம் என்றாள்.

பாலத்தில் திரும்பி வரும்போது தராசு கடிதத்தை எடுத்துக் கண்டக்டரிடம் நீட்டினார்.

"இப்ப படிச்சுப் பாருங்க."

கண்டக்டர் படித்தாள். பாதியில் நின்றுவிட்டாள். "நெட்டைன்னு கூப்பிடறவங்களுக்கு அவ அப்பன் பேரும் பிறந்த தேதியும் எங்கேருந்து சார் கிடைச்சுது?"

"அந்த விவரம் ஒரே ஃபைல்ல தான் இருக்கும். முதலாளி ஆபீஸ்ல. கடிதம் சங்கத்துலேருந்து முதலாளிக்குப் போகல. முதலாளிகிட்டேருந்து சங்கத்துக்கு வந்திருக்கு."

"வயித்துவலி நாடகம் அவருக்குத் தெரிஞ்சுபோச்சு."

"தெரியும். கூப்பிட்டு வராதவங்க அடுத்த தடவையும் வர மாட்டாங்க. அவங்களை அனுப்பணும். ஆனா தன் கையில கறை படக் கூடாது. அதுக்குத்தான் சங்கத்தோட கையெழுத்து."

கண்டக்டர் வாய்க்காலில் துப்பினாள். "வேலைநிறுத்தத்த மதிச்சவங்க அவங்க. அவங்களைத் துரத்தச் சங்கமே கடுதாசி எழுதுது. என் சர்வீஸ்ல எத்தனையோ கள்ள டிக்கெட் பாத்திருக்கேன் சார். இது மாதிரி பார்த்ததில்ல."

மணி மூன்று இருபது.

லாண்டரியில் துணி மாற்றும் அறை காலியாக இருந்தது. சுவரோரம் இரும்பு லாக்கர்கள், நடுவில் ஒரு பெஞ்சு. பெரியக்காவைத் தனியாக வரச் சொல்லியிருந்தார் தராசு. அவள் தங்கையோடு வந்தாள். அவளுக்குத் தெரியாத விஷயம் எனக்கு எதுவும் கிடையாது என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

தராசு இரண்டு விரிப்புகளைப் பெஞ்சில் வைத்தார். தேதிச் சீட்டு மேலே இருந்தது. மூலைகளை மட்டும் திருப்பிக் காட்டினார். ஒன்றும் சொல்லவில்லை. இருபது வருடம் எடைக்கற்களை ஏமாற்றுக்காரர்கள் முன்னால் வைத்துவிட்டுச் சும்மா நின்ற பழக்கம்.

பெரியக்கா முதல் விரிப்பைத் தொட்டாள். இரண்டாவதைத் தொட்டாள். அதன் அடிப்பக்கம் விரல் போனது, நின்றது. தேதியைப் படித்தாள். மறுபடியும் படித்தாள்.

கையை எடுக்காமலே கேட்டாள். "இது நான் பண்ணல. நான் வெளிய இருந்தேன். அப்ப இது எப்படி?"

அடியில் திருப்பத் தெரிந்த மூன்றாவது ஆள் கிடையாது என்று அவளுக்கே புரிய ஒரு நிமிடம் ஆனது. மெல்லத் தலையைத் திருப்பித் தங்கையைப் பார்த்தாள்.

சின்னவள் அழுவாள் என்று கண்டக்டர் எதிர்பார்த்தாள். அவள் அழவில்லை. லாக்கரில் சாய்ந்து நின்று, ரொம்ப நாள் பாரம் சுமந்தவள் அதை இறக்குவதுபோலப் பேசினாள். நீங்க வரலேன்னா நாளைக்கே அக்கரைக்காரிங்க உள்ள வந்துடுவாங்க, ஒரு தடவ ரோலர்ல நின்னுட்டா அப்புறம் வெளிய போக மாட்டாங்க என்று முதலாளி சொன்னாராம். அவர்கள் வருவதற்கு முன்னால் நாமே போய் நின்றுவிட்டால் இடம் நம்மிடமே இருக்கும் அல்லவா?

"நான் வேலைநிறுத்தத்த உடைக்கலக்கா. நம்ம இடத்தக் காப்பாத்தினேன்."

"அவங்க உள்ள போனத பாத்தேன்னு சத்தியம் பண்ணியேடி."

"பின்ன, நான்தான் போனேன்னு சொல்லச் சொல்றியா?"

"அவங்க வரவே இல்ல," என்றார் தராசு. "கூப்பிட்டாங்க. முடியாதுன்னுட்டாங்க. கிடங்குல மூணு நாள் படுத்துக் கிடந்தாங்க, உங்களுக்காக."

சின்னவளுக்கு அது தெரியாது. முகம் ஒரு கணம் கலைந்தது. பிறகு மறுபடி இறுகிக்கொண்டது. வராதவர்களுக்குப் பயந்து வேலைநிறுத்தத்தை உடைத்திருக்கிறோம் என்பதை ஒப்புக்கொள்வதைவிட, நம்பாமல் இருப்பது அவளுக்குச் சுலபமாக இருந்தது.

பெரியக்கா எழுந்தாள். கூட்டத்துக்கு நேரமாகிறது, எல்லாரிடமும் சொல்லிவிடலாம், பதினாலு பேர் வயிறு எரிவார்கள், எரியட்டும், நீ மன்னிப்புக் கேள், நானும் உன் பக்கத்தில் நின்று கேட்கிறேன் என்றாள்.

தராசு கண்ணாடியைக் கழற்றினார். "ஒரு விஷயம் பாக்கி இருக்கும்மா. மூணு கட்டுலயும் சேர்த்து அடியில திருப்பினது பதினெட்டுதான். மேல திருப்பினது இருநூறுக்கு மேல."

கேட்டில் முறை வைத்து உட்காருங்கள், பிள்ளைகள் இருப்பவர்கள் பாதி நாள் வீட்டுக்குப் போய்ச் சமைத்துவிட்டு வாருங்கள் என்று அந்த ஏற்பாட்டைச் செய்தவளே பெரியக்காதான். ஏழெட்டுப் பேராக அனுப்பினாள். அவள் மட்டும் எழுந்திருக்கவில்லை. உள்ளே ரோலர் ஓடும் சத்தம் கேட்கும்போதெல்லாம் பக்கத்தில் இருந்தவர்கள் அக்கரைக்காரிகளைச் சபித்தார்கள். அவளும் சேர்ந்து சபித்தாள்.

"எத்தனை பேருடி?" அவள் குரல் ரொம்பத் தணிந்திருந்தது.

சின்னவள் தரையைப் பார்த்தாள். "எல்லாரும்."

"எல்லாரும்னா?"

"நீ மட்டும் இல்ல. உன்கிட்ட சொல்ல வேணாம்னு எல்லாருமா பேசி முடிவு பண்ணோம். ஒருத்தியாவது நெசமா உக்காந்திருந்தாதான் பாக்கிறவங்க நம்புவாங்கன்னு."

வெளியே கூட்டத்துக்கான மணி அடித்தது.

சாப்பாட்டு அறையில் கூட்டம். பதினாலு பெண்கள் நீள மேஜைகளின் இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தார்கள். சின்னவள் போய் அவர்களோடு உட்கார்ந்ததும் காதுக்குக் காது ஏதோ போனது. பெரியக்கா உள்ளே வந்தபோது ஒருத்தியும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. ஆனால் யாரும் எழுந்து போகவும் இல்லை. தெரிந்துவிட்டது என்பதற்காக, அக்கரைக்காரிகளிடம் இடம் போய்விடுமோ என்ற பயம் விட்டுப்போய்விடுமா என்ன.

அவள் அந்த மூன்று நாளைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. தராசிடமிருந்து வாங்கிய கடிதத்தை மேஜைமேல் விரித்தாள். சம்மதம் உள்ளவர்கள் கை தூக்கலாம் என்றாள்.

முதலில் பின் மேஜையில் ஒரு கை. ஜன்னலோரம் இரண்டு. வெந்நீரில் வெளுத்த விரல்கள் ஒவ்வொன்றாக எழும்பின. பதினாலு. கடைசியாகச் சின்னவளின் கையும் எழுந்தது. அக்காவைப் பார்த்தபடியே எழுந்தது.

கதவோரம் நின்ற கண்டக்டர் தராசின் பக்கம் குனிந்தாள். "பஸ் நிறைய பயணிங்க. ஒருத்தர்கிட்டயும் டிக்கெட் இல்ல."

பதினைந்துக்கு ஒன்று. கடிதம் நிறைவேறியது என்று பெரியக்கா அறிவித்தாள். தலைவியின் கையெழுத்து இல்லாமல் அது இந்த அறையைத் தாண்டாது என்றும் அதே குரலில் சொன்னாள். கையெழுத்து அவள் போடப்போவதில்லை. தலைவியை மாற்றலாம். அதற்குப் பதினைந்து நாள் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். அதற்குள் புது உறுப்பினர் யார் வந்து சேர விண்ணப்பித்தாலும் சேர்த்துக்கொள்ளத் தலைவிக்கு அதிகாரம் இருக்கிறது. இன்றைக்குப் பதினோரு விண்ணப்பம் எழுதப்போகிறாள்.

முணுமுணுப்பு எழுந்தது. வந்தேறிகளோடு சேர்ந்துகொண்டு எங்களைக் காட்டிக்கொடுக்கிறாயா என்று ஒருத்தி கேட்டாள். காட்டிக்கொடுப்பது என்ற அந்த வார்த்தை அறைக்குள் விழுந்ததும் அதைச் சொன்னவளே வாயைப் பொத்திக்கொண்டாள்.

பெரியக்கா அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "உங்க வீட்ல எல்லாம் நான் சாப்பிட்டிருக்கேன்," என்றாள். விண்ணப்பத் தாள்களை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

சின்னவள் பின்னாலேயே வந்தாள். இருவருக்கும் ஒரே வீடு, ஒரே அடுப்பு. முன் கேட் அருகே நின்று, வீட்டுக்கு வாக்கா, அங்க போய்ப் பேசிக்கலாம் என்று இரண்டு தடவை கூப்பிட்டாள். பெரியக்கா காதில் விழாதவள்போல நின்றாள். மூன்றாவது தடவை கூப்பிட வாய் வராமல் சின்னவள் தனியாக நடந்து போனாள். அவள் திரும்பிப் பார்ப்பாள் என்று மூன்று பேருமே காத்திருந்தார்கள். தெரு முனை வரைக்கும் அவள் திரும்பவில்லை.

மூத்தவளுக்கு எழுதப் படிக்க வருமா, விண்ணப்பத்தை யார் நிரப்புவது என்றெல்லாம் பெரியக்கா விசாரித்தாள். கண்டக்டர் தானே வந்து எழுதித் தருவதாகச் சொன்னாள். முதலில் பெயரைக் கேட்க வேண்டும் என்றார் தராசு. பெரியக்கா தலையாட்டினாள். வாய்க்கால் பாலத்தை நோக்கி நாலு அடி வைத்தவள் நின்றாள்.

"சார், அந்தப் பதினெட்டு விரிப்பு. அவ பண்ணது. சுருக்கம் ஏதாவது இருந்துதா?"

கேள்வி தராசுக்குப் புரியவில்லை. "சுருக்கமா?"

"மனசு நடுங்கினா கை நடுங்கும். கை நடுங்கினா ரோலர்ல துணி ஒரு இழை சாயும். எத்தனை கெட்டிக்காரியா இருந்தாலும் சுருக்கம் விழுந்துடும். இருந்துதா?"

பொய் சொல்லலாமா என்று தராசு யோசித்தார். இருபது வருடம் நிறைகுறை பார்த்த மனிதருக்கு அது வரவில்லை.

"இல்லம்மா. பதினெட்டுலயும் ஒரு சுருக்கம்கூட இல்ல. கண்ணாடி மாதிரி இருந்துது."

பெரியக்கா அதைக் கேட்டுக்கொண்டாள். தாள்களை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"நல்லாத்தான் கத்துக்கொடுத்திருக்கேன்," என்று சொல்லிவிட்டு, பாலத்தில் ஏறினாள்.